கல்பாலத் தோட்டத்து நொண்டி ஆடுகள்

அத்தியாயம் 5

டார்பி துரைக்குத் தன்னை அடுத்து இந்த உலகத்தில் மதிப்புக்குரியவை செம்மறியாடுகள். மனிதர்கள் அதற்கு அப்புறம் எங்கேயோ வந்தார்கள். கல்பாலத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், குடியிருந்த கூலியாட்கள் அந்த வரிசையிலேயே இல்லை.

அந்தத் துரையின் பங்களா வாசலில்தான் சின்னராசாவின் மாட்டு வண்டி வந்து நின்றது. உள்ளேயிருந்து ஜௌபர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"பதுளையில ஏறும்போது ஆறடி இருந்தீங்க நானா," என்றான் சின்னராசா. முஸ்லிம்களை அண்ணன் முறை வைத்து அழைக்கிற சொல் அது. "இப்ப அஞ்சரைதான் தேறும். மிச்சத்தை ரோட்டுலதான் தேடணும்."

"ரயிலைப் பண்டாரவளையோட நிப்பாட்டினவனைச் சொல்லணும்."

"அவரு நல்லா இருக்கட்டும். ரயில் இங்க வரைக்கும் வந்தா எம்மாட்டுக்கு யாரு புல்லுப் போடுவா? நீங்க குலுங்குனாத்தான் நாங்க ரெண்டு பேரும் சாப்பிடலாம்."

ஜௌபர் ஒரு காலத்தில் பதுளைக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஒரு சாட்சி நீதவானைப் பார்த்து வைத வசவை, ஒரு சொல் குறையாமல், ஏற்ற இறக்கம்கூட மாறாமல் அப்படியே இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். சாட்சிக்கு அபராதம் விழுந்தது. ஜௌபருக்கு வேலை போயிற்று. அன்றிலிருந்து ஊரில் களவு, காணாமல்போனது, பொய்க் கையெழுத்து என்று எது நடந்தாலும் ஜனங்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். பொய்யை இரண்டு மொழியில் கேட்டுப் பழகிய காது அவருடையது. வண்டி ஓட்ட வந்த சின்னராசா, வாய் ஓட்டவும் கூடவே இருந்துவிட்டான்.

டார்பி துரை படியிலேயே நின்று பேசினார். இங்கிலீஷில்தான் பேசினார். இருபது வருடம் தோட்டத்தில் இருந்தும் அவருக்குத் தெரிந்த தமிழ் வெறும் ஏவல் தமிழ். வா, போ, தூக்கு, இறக்கு, சுருக்கா. அதற்கு மேல் தமிழர்களிடம் பேச என்ன இருக்கிறது என்பது அவருடைய எண்ணம்.

"நீ ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டாய், குறைக்கவும் மாட்டாய் என்கிறார்களே?"

"அந்தப் பழக்கத்தால்தான் வேலையை இழந்தேன், சேர்."

"எனக்கு அந்தப் பழக்கம்தான் வேண்டும்."

விஷயம் இதுதான். துரை இங்கிலாந்திலிருந்து கப்பலில் செம்மறிக் குட்டிகளைக் கொண்டுவந்து இரண்டு வருடமாக வளர்க்கிறார். ஊவா மலையில் இங்கிலீஷ் ஆடு நிற்காது என்று கிளப்பில் மற்றத் துரைமார் சிரித்தார்கள். பதுளைக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கி அவர்கள் வாயை அடைப்பதாக இவர் சபதம் போட்டார். கண்காட்சி நெருங்குகிற நேரத்தில் ஆடுகள் நொண்ட ஆரம்பித்தன. மூன்று ஆடுகளுக்குக் காலே முறிந்துவிட்டது. ஆடு மேய்க்கிற இராமையா தடியால் அடித்து முறித்தான் என்று துரை தீர்ப்பெழுதிவிட்டார். நேற்றுக் காலை பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்கத் தோட்டமே திரண்டு நிற்கிற இடத்தில், அவனைப் பிடித்து நிறுத்தி, ஆட்டுக் கொலைகாரன் என்று கத்தி, அதைக் கிளாக்கரை விட்டுத் தமிழிலும் சொல்ல வைத்து, பழைய சாக்கு அறையில் போட்டுப் பூட்டினார்.

"அவன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ அதை எனக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். நாளைக் காலை பெரட்டு முடிந்ததும் உன் வண்டியிலேயே அவனைப் பதுளைப் பொலிஸுக்குக் கொண்டுபோ. அவன் குடும்பத்தை நான் லயத்திலிருந்து வெளியே போடுகிறேன்."

"அவன் ஏன் முறித்தான் என்று நினைக்கிறீர்கள்?"

"பொறாமை."

"ஆட்டின் மேலா, சேர்?"

"என் மேல்!"

ஜௌபர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பங்களாவின் பின்பக்கம் ஓர் ஆடு கரகரத்த குரலில் கத்தியது.

"அது டியூக்," என்றார் துரை. குரல் சட்டென்று குழைந்தது. "பரிசுக் கிடாய். அதன் கொட்டில் சாவி என்னிடம். இராமையா அதன் கிட்டவே போனதில்லை. தீனிகூட என் கையால்தான்."

"பார்க்கலாமா?"

"சளி பிடித்திருக்கிறது. பார்க்க முடியாது," என்று சொல்லிவிட்டுத் துரை உள்ளே போய்விட்டார்.

"ஆட்டுக்குச் சளி, கதவுக்குப் பூட்டு," என்று முணுமுணுத்தான் சின்னராசா. "அந்தப் பாசத்துல கொஞ்சம் ஆளுக மேல வச்சிருக்கலாம்."

சாக்கு அறையில் இராமையா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், முழங்காலைக் கட்டிக்கொண்டு பாதியாகிப் போயிருந்தான்.

"நான் அடிக்கலைங்க. தடி வச்சிருக்கேன், இல்லேங்கல. அது நரி வந்தா வெரட்டுறதுக்கு. கால் ஒடையுற மாதிரி அடிச்சா தோல் கிழியாதா? ரோமம் பிஞ்சு வராதா? ஒரு சிராய்ப்பு உண்டான்னு பாக்கச் சொல்லுங்க. மூணாவது ஆடு சும்மா படுத்து அசை போட்டுக்கிட்டு இருந்துச்சு. எந்திரிச்சுச்சு. மளுக்குன்னு சத்தம். எந்திரிச்சதுக்குக் கால் ஒடைஞ்சா நான் என்னாங்க செய்ய?"

"துரைகிட்ட இதைச் சொன்னியா?"

"சொன்னேங்க. சுருக்கா, சுருக்கான்னாரு."

வெளியே அவனுடைய மனைவி பெரியாயி நின்றிருந்தாள். அழுது முடித்துவிட்டு ஆத்திரத்துக்கு வந்திருந்தாள்.

"ஜெயிலுக்குப் போனாலும் மனுசன் திரும்பி வந்துரலாம். பெரட்டுல வச்சுப் பேசின பேச்சு திரும்பி வருமாங்க? எம்புள்ளைக நாளைக்கு எப்படித் தலைய நிமித்திக் கொழுந்தெடுக்கும்? ஆட்டுக்கால ஒடைச்சவன் புள்ளைன்னு நெரையில எல்லாரும் சொல்லமாட்டாகளா?"

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளாடு மதில்மேல் தாவி, அங்கிருந்து சாக்கு அறைக் கூரைக்குத் தாவி, தகரம் அதிர நான்கு காலால் ஆட்டம் போட்டது.

"இது யாருடையது?"

"எங்களுதுங்க. பகலெல்லாம் அந்தச் செம்மறிகளோடதான் மேயும்."

"ஒரே புல்லா?"

"ஒரே புல்லு, ஒரே ஓடைத் தண்ணி. இவரு தடிதான் இதுக்கும். சாயங்காலம் தொரை ஆட்டுக்குத் தொட்டியில பொடி வைப்பாங்க. அது மட்டும் இதுக்குக் கெடையாது. ஒருக்கா வாய வச்சதுக்குக் கிளாக்கரு ஐயா கல்லெடுத்து எறிஞ்சாரு."

சின்னராசா கூரையை அண்ணாந்து பார்த்தான். "கவனிக்க ஆளில்லாம வளந்திருக்கு. அதான் இந்தக் குதி குதிக்குது."

ஜௌபர் ஆட்டுப்பட்டியை நோக்கி நடந்தார்.

பட்டியில் ஸ்டோர் கிளாக்கர் தம்பையா காத்திருந்தார். இங்கிலீஷ் படித்தவர். துரைக்கு அடுத்தபடி தோட்டத்தில் தானே பெரியவர் என்று அவருடைய கோட்டு சொல்லிற்று. நெற்றியில் மூன்று கோடு விபூதி அழியாமல் இருந்தது. சின்னராசா கையிலிருந்த சோற்றுப் பொட்டலத்தைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கருவாடா? சீ! அதை அப்பால வையப்பா. என் மேல காத்துக்கூடப் படக்கூடாது. நான் சுத்த சைவம்."

"கருவாடுதாங்க சைவம் ஆகாது. காத்து என்னாங்க பண்ணுச்சு?" என்றபடி சின்னராசா பொட்டலத்தைத் தொட்டிப் பக்கத்தில் ஒரு கல்மேல் வைத்தான்.

ஆடுகள் பரிதாபமாக நின்றன. ரோமம் அடர்த்தியாகத்தான் இருந்தது, கால்கள்தான் சரியில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்துக் கட்டி தட்டியிருந்தது. சில ஆடுகள் முன்னங்கால் மடக்கி முழங்காலாலேயே நகர்ந்து மேய்ந்தன. ஜௌபர் ஒன்றின் வாயைத் திறந்து பார்த்தார். பற்களில் காவி படிந்து, திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது.

"வெத்திலை போடுற ஆட்டை இப்பத்தான் நானா பாக்குறேன்," என்றான் சின்னராசா.

"தொட்டியில என்ன இருக்கு?" என்று கேட்டார் ஜௌபர்.

"மாட்டெலும்புத் தூள்," என்றார் தம்பையா. "தேயிலைக்கு உரமாப் போட மூட்டை மூட்டையா வருது. எலும்பு தின்னா எலும்பு வலுக்கும்னு தொரை சீமைப் பத்திரிகையில படிச்சாரு. ஆட்டுக்குத் தினம் ஒரு கரண்டி வைக்கச் சொன்னாரு. நொண்ட ஆரம்பிச்சதும் ரெண்டு கரண்டி ஆக்கினாரு. கால் ஒடைஞ்சதும் மூணு. தன் கெடாய்க்கு மட்டும் நாலாம்."

"கொஞ்சம் எடுத்துக் காட்டுங்க."

தம்பையா குனிந்து வெள்ளைப் பொடியை ஒரு கை அள்ளி நீட்டினார். ஜௌபர் மோந்து பார்த்தார். வாடை ஒன்றும் இல்லை. லயத்து நாய் ஒன்று வந்து தொட்டியைத் திரும்பிக்கூடப் பாராமல், கருவாட்டுப் பொட்டலத்தை நோக்கிப் போனது. சின்னராசா ஓடிப்போய்ப் பொட்டலத்தைக் காப்பாற்றினான்.

"பொடியெல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றான் மூச்சிரைக்க. "எனக்கென்னமோ யாரோ செய்வினை வச்சுட்டாங்கன்னு தோணுது."

"சிவ சிவா!" என்றார் தம்பையா. கையிலிருந்த பொடியைத் தட்டிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த விபூதிப் பையைத் திறந்து, அதே விரல்களால் நெற்றியில் இன்னொரு முறை பூசிக்கொண்டார்.

ஜௌபர் அந்த விரல்களையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு, கால் முறிந்த ஆடுகள் எங்கே போயின என்று கேட்டார். பக்கத்து ஊரான லுணுகலையில் பலீலின் இறைச்சிக் கடைக்கு விற்றுவிட்டதாகத் தம்பையா சொன்னார். சொல்லும்போது அவர் கண் தரையைப் பார்த்தது.

லுணுகலைக்குப் போகும் வழியெல்லாம் சின்னராசாவே துப்புத் துலக்கினான்.

"பலீல் நானாதான் கள்ளன். நல்ல ஆட்டைத் தொரை விக்கமாட்டாரு. கால் ஒடைஞ்சா வித்துத்தானே ஆகணும்? கடைக்காரரு ஆள் வச்சு ஒடைக்கிறாரு. முடிஞ்சுது கேஸ். திருப்பவா வண்டிய?"

"திருப்பாத. பெருநாளைக்குப் பலீல் எந்த ஆடு பேசி வச்சிருக்கிறார் தெரியுமா? இதே கல்பால ஆடு. பரிசுக்குப் போகாத நல்ல ஆட்டைத் துரை விக்கத்தான் செய்றார். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பானாப் பலி குடுக்கிற ஆடு நொண்டக் கூடாது, சின்னராசா. நொண்டுற ஆடு அவருக்கு உதவாது. ஒவ்வொரு கால் ஒடையும்போதும் அவருக்குத்தான் நெஞ்சு ஒடையும்."

"அப்ப அவரு கள்ளன் இல்லையா?"

"நீ சொன்ன மாதிரி இல்ல."

பலீல் தாடியைக் கோதிக்கொண்டே வரவேற்றார். பேச்செடுத்ததும் பொரிந்து தள்ளினார். பெருநாளைக்கு ஊர் முழுக்க வாக்குக் கொடுத்துவிட்டாராம். இப்போது நொண்டிகளை வைத்துக்கொண்டு பள்ளிவாசல் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது?

"அறுத்த ஆடுகள்ட கால் எலும்பு இருக்கா, பலீல் நானா?"

பலீல் தயங்கினார். பிறகு கடைக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். மூட்டு இரண்டு பங்காக வீங்கியிருந்தது. ஜௌபர் விரலால் அழுத்தினார். சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இப்படி எலும்புள்ள ஆட்டை அடிச்சுத்தான் ஒடைக்கணுமா?" என்றார் ஜௌபர். "இதைத் துரைட்ட காட்டினீங்களா?"

"தொரை நான் சொன்னாக் கேப்பாரா?"

"சொல்லிப் பாத்தீங்களா?"

பலீல் கத்தியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஜௌபர் எழுந்தார். போகிற போக்கில் சொல்வதுபோல், தெருவில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். "எனக்கென்ன? செத்த மாட்டெலும்பைத் தின்னு வளந்த ஆடு. எந்த மாடோ, எங்க விழுந்து செத்ததோ. அந்த ஆட்டைக் குர்பானுக்குப் பேசினீங்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம்."

"வல்லாஹி, அல்லாஹ் மேல ஆணை!" பலீல் கத்தியைப் பலகையில் ஓங்கி வைத்தார். "என்ன பேச்சுத் தம்பி இது? நான் அப்படிப்பட்ட ஆளா? ஒரு துளி எலும்பு அதுகள்ட வாயில பட்டதில்ல! ரெண்டு வருஷமா சுத்தமான கல்லுத் தூள்தான்..."

வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

"மெதுவா மூடுங்க நானா," என்றான் சின்னராசா. "இல்லேன்னா ஈ போயிரும்."

அதற்கப்புறம் பலீலால் நிறுத்த முடியவில்லை. துரை எலும்புத் தூள் வைக்கச் சொன்ன அன்றே தம்பையா இவரிடம் ஓடி வந்திருக்கிறார். பசுவின் எலும்பைத் தினமும் கையால் அள்ளுவதா என்று அவருக்கு அழுகை. செத்ததைத் தின்ற ஆட்டை ஊருக்குக் கொடுப்பதா என்று இவருக்குக் கவலை. ஸ்டோரில் எலும்பு மூட்டைக்குப் பக்கத்திலேயே, கப்பலில் வருகிற இன்னொரு உரம் இருந்தது. மலையிலிருந்து வெட்டி அரைத்த கல். அதே வெள்ளை, அதே மாவு. மிருகத்தின் உடம்பில் பட்ட பொருளே அல்ல. இருவரும் கலந்து பேசி மாற்றிவிட்டார்கள். எலும்பு தேயிலைக்குப் போயிற்று. கல் ஆட்டுக்குப் போயிற்று.

இரண்டு சமயத்தவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு காரியம் செய்து ஜௌபர் அதற்கு முன் கண்டதில்லை.

"தேயிலை வேருக்குப் போட வேண்டிய கல்லுல என்னென்ன இருக்கோ யாருக்குத் தெரியும்? கொஞ்சம் போனாத் தாங்கியிருக்கும். தினம் கரண்டி கரண்டியா உள்ள போனா, அது எலும்பை வலுவாக்காது. வீங்க வச்சு, உள்ளுக்குள்ள மக்க வச்சிரும். இந்த எலும்பை முதல்ல பாத்தப்பவே உங்களுக்கு விளங்கிட்டுது, இல்லையா?" என்று கேட்டார் ஜௌபர்.

"விளங்கிச்சு," என்றார் பலீல் மெல்ல. "தம்பையாவுக்கும் சொன்னேன். நிப்பாட்டினா தொரை ஏன்னு கேப்பாரு, மாத்தினது வெளிய வரும்னு அவரு பயந்தாரு. நானும்தான்."

"அதுக்குள்ள இராமையாவைப் பூட்டிட்டாங்க."

"நாங்க நினைக்கல்ல தம்பி..."

"நினைச்சீங்க. நினைச்சுட்டுத்தான் சும்மா இருந்தீங்க." ஜௌபரின் குரல் உயரவில்லை, ஆனால் கசப்பு அதில் சொட்டியது. "கை சுத்தமா இருக்கணும்னு நெத்தியில பூசுறவருக்கும் ஆசை, தாடி கோதுறவருக்கும் ஆசை. ரெண்டு பேரும் சுத்தமாத்தான் இருக்கீங்க. அழுக்கு பூராவும் இராமையா தலையில. எழும்புங்க, தோட்டத்துக்குப் போவம்."

பலீலைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டி திரும்பியபோது சின்னராசாவுக்குப் பொறுக்கவில்லை.

"அவரு வாயத் தொறக்க முந்தியே உங்களுக்குத் தெரியும். எப்படி நானா?"

"கருவாட்டுக் காத்துப் பட்டாலே தீட்டுன்னு நினைக்கிற மனுஷன், மாட்டெலும்பு அள்ளின விரலைக் கழுவாம விபூதிப் பைக்குள்ள விடுவாரா? அந்த விரலுக்குத் தெரிஞ்சிருக்கு, அது எலும்பில்லன்னு. உன் பொட்டலத்துக்கு வந்த நாய்க்கும் தெரிஞ்சிருக்கு, இல்லேன்னா எலும்புத் தொட்டியை விட்டுட்டுப் போகுமா?"

"என் கருவாடுதான் துப்புக் கண்டுபிடிச்சிருக்குன்னு சொல்லுங்க."

சாயங்காலம் பங்களா வாசலில் தம்பையாவையும் பலீலையும் நிறுத்தி வைத்து ஜௌபர் எல்லாவற்றையும் சொன்னார். துரையின் முகம் தக்காளியாகச் சிவந்தது. கேட்டு முடித்ததும் தம்பையாவைப் பார்த்துக் கையை ஓங்கினார்.

"அப்படியானால் இவனைப் பொலிஸில் கொடுக்கிறேன்! இராமையா அடித்திருந்தால் அதற்கும் சேர்த்து..."

"இராமையா அடித்தான் என்று இன்னுமா நம்புகிறீர்கள்? டியூக்கின் கொட்டிலைத் திறங்கள், சேர்."

"அதற்குச் சளி!"

"திறங்கள்."

துரை திறக்கவில்லை. சாவியைப் பையிலிருந்து எடுத்தவர் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஜௌபர் அதை அவர் கையிலிருந்து மரியாதையாக வாங்கி, எல்லாரும் பின்னால் வர, பின்பக்கக் கொட்டிலைத் தானே திறந்தார். உள்ளே பரிசுக் கிடாய் முழங்காலில் நின்றது. எழ முயன்றது, முடியவில்லை. கால்கள் நான்கும் புடைத்து, பட்டியில் இருந்த எந்த ஆட்டையும்விட மோசமாக இருந்தன. துரையின் கையால் நாலு கரண்டி தின்ற கிடாய் அல்லவா?

"பெரியாயியின் வெள்ளாடு இராமையாவின் தடிக்குக் கீழேதான் மேய்கிறது. பொடி தின்றதில்லை. அது கூரைமேல் ஆடுகிறது. உங்கள் கிடாய் இராமையாவின் தடியைக் கண்டதே இல்லை. பொடி மட்டும்தான் தின்றது. இந்த இரண்டையும் நீங்கள் பதுளைக் கோர்ட்டுக்குக் கொண்டு வாருங்கள். மாற்றி வைத்தவர் தம்பையா என்பதைச் சொல்வேன். ஆடு நொண்ட நொண்டக் கரண்டியைக் கூட்டியவர் யார் என்பதையும் சொல்வேன். ஒரு சொல்லைக் கூட்டாமல், குறைக்காமல். கேட்க உங்கள் கிளப்பில் இருந்தும் ஆட்கள் வருவார்கள்."

துரை கோர்ட்டுக்குப் பயப்படவில்லை, பொலிஸுக்கும் பயப்படவில்லை. கிளப் என்ற சொல் விழுந்ததும் அவருடைய மீசை தளர்ந்தது. தம்பையாவை வேலையிலிருந்து விரட்டினால்கூட ஏன் என்று அங்கே கேட்பார்கள். கொஞ்ச நேரம் கிடாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதும் அவர் மனதில் கணக்குப் பார்த்தது தன் மானத்தைத்தான். சாக்கு அறைக்குள் இருந்த மனிதனுக்கு அதில் இடம் இருக்கவில்லை.

"அவனைக் கொண்டு வா," என்றார்.

இராமையா வந்து நின்றான். பின்னால் பெரியாயி. துரை நெஞ்சை நிமிர்த்தினார்.

"இவனிடம் சொல். இந்த ஒரு தடவை நான் இவனை மன்னித்து விட்டுவிடுகிறேன். ஆட்டை வேறு ஒருவன் பார்ப்பான். இவன் தன் வேலைக்குப் போகலாம்."

சின்னராசாவின் பல் நறநறத்தது. ஜௌபர் துரையை ஒரு முறை, மேலிருந்து கீழாகப் பார்த்தார். இந்தக் குரங்குப் புத்தியை எந்த மொழியில் எடுத்துச் சொன்னாலும் அந்த மொழிக்கு அசிங்கம். அவர் இராமையாவின் பக்கம் திரும்பினார். பதுளைக் கோர்ட்டில் நீதவானுக்காகக்கூட ஒரு சொல்லை மாற்றாத மனிதர், தெளிவான குரலில் சொன்னார்:

"இராமையா, துரை உன்கிட்ட மன்னிப்புக் கேக்குறாரு."

சின்னராசாவுக்குப் புரையேறியது. இராமையா நம்பாமல் துரையைப் பார்த்தான்.

"என்கிட்டயாங்க?"

"உன்கிட்டத்தான். நீ அடிக்கலை, உன் மேல ஒரு குத்தமும் இல்ல."

இராமையாவின் மடங்கிக் கிடந்த உடம்பு மெல்ல மெல்ல நிமிர்ந்தது.

"திட்டினது பெரட்டுலங்க," என்றான் கடைசியில். "இதையும் பெரட்டுலயே சொல்லச் சொல்லுங்க."

"என்ன கேட்கிறான்?" என்றார் துரை எரிச்சலோடு.

"நீங்கள் சொன்னதை நாளைக்குப் பெரட்டில், எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டுமாம், சேர்."

துரையின் முகம் மலர்ந்தது. கூலியாள் ஒருவன் தன் பெருந்தன்மையை ஊரறியச் சொல்லும்படி கேட்கிறான்! "நிச்சயமாக," என்றார்.

மறுநாள் விடியலில் பனி இறங்கிக்கொண்டிருந்த பெரட்டுக் களத்தில் கங்காணிமார், கொழுந்தெடுக்கிற பெண்கள், செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து ஆட்கள் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். டார்பி துரை ஒரு கல்மேல் ஏறி நின்றார். பேச்சு நீளமாகவே இருந்தது. தான் எவ்வளவு நியாயமானவர், எவ்வளவு இரக்கமுள்ளவர், கீழே இருப்பவர்களின் பிழையைப் பொறுக்கிற மனசு எல்லாத் துரைக்கும் வராது என்று, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு முழங்கினார்.

ஜௌபர் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னார். இராமையா ஆட்டை அடிக்கவில்லை. ஆடுகளைக் கெடுத்தது துரை கொடுத்த பொடி. விசாரிக்காமல் இந்தக் களத்தில் வைத்து அவனை வைதது துரையின் தப்பு. அதற்காக இதே களத்தில், உங்கள் எல்லார் முன்னாலும், துரை அவனிடமும் அவன் குடும்பத்திடமும் மன்னிப்புக் கேட்கிறார்.

நெஞ்சில் கையை வைத்து நின்ற துரையைப் பார்த்து இரண்டு கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துரை அதைக் கவனித்து, குரலை இன்னும் உருக்கமாக்கினார்.

அந்தக் களத்தில் இரண்டு மொழியும் தெரிந்த இன்னொரு ஆள் தம்பையா மட்டும்தான். ஜௌபர் அவரை ஒரு பார்வை பார்த்தார். தம்பையா தரையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு நிற்பதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது. இன்றைக்குத்தான் அது ஒரு மனிதனுக்கு உபகாரமாயிற்று.

"கோர்ட்டுல இப்படி ஒருக்கா செஞ்சிருந்தா வேலை போயிருக்காதே நானா," என்று காதோடு சொன்னான் சின்னராசா.

"அங்க இதுக்குத் தகுதியான ஆள் யாரும் சிக்கல்ல."

வரிசையிலிருந்து பெரியாயி முன்னால் வந்தாள். பக்கத்தில் அவள் பிள்ளைகள் தலை நிமிர்ந்து நின்றார்கள். அவள் துரையை நேராகப் பார்த்தாள்.

"சரிங்க. நாங்க பொறுத்துக்கிட்டோம்னு சொல்லுங்க."

"அவள் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் துரை.

இந்தத் தடவை ஜௌபர் ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "உங்களை மன்னித்துவிட்டார்களாம், சேர்," என்று இங்கிலீஷில் சொன்னார்.

துரைக்கு அது விளங்கவில்லை. விளங்காததை எல்லாம் நன்றி என்று எடுத்துக்கொள்வது அவருடைய வழக்கம். தொப்பியைத் தொட்டு, தலையை ஆட்டி, அதைப் பெரிய மனசோடு ஏற்றுக்கொண்டார்.